பிரேக் நாட்கள்

பள்ளிக்கூடத்தில் பிரேக் என்ற சொல்லுக்கு இரண்டு ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று உடைவது, மற்றது வண்டியை நிறுத்துவது. மாற்றி எழுதினால் முட்டியில் அடி விழும். அடி வாங்கியதுதான் மிச்சம். கும்மிடிப்பூண்டியில் யாரும் அந்த இரண்டையும் பிரித்துப் பேசி நான் கேட்டதில்லை.

சைக்கிளில் கட்டை தேய்ந்தால் பிரேக் பிடிக்கவில்லை என்கிறோம். லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரி எத்தனை பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்தாலும் எங்களுக்கு அவர் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். பத்தரை மணிக்கு டீ பிரேக். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதில் வரவில்லை என்றால், "அது பிரேக் ஆயிடுச்சிக்கா" என்று தண்ணீர்க் குழாயடியில் செய்தி வந்துவிடும். சினிமாக்காரர்கள் பேட்டியில் அந்தப் படம்தான் எனக்குப் பெரிய பிரேக் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த பிரேக் மட்டும் எங்கள் ஊருக்கு வந்து சேரவே இல்லை. சென்ட்ரலில் ரயில் ஏறி மீஞ்சூரிலேயே இறங்கிவிட்டது போலிருக்கிறது.

எங்களிடம் வந்து சேர்ந்தது வேறொரு பிரேக். பகல் பதினொரு மணிக்கு ஓர் ஆம்பிளை லுங்கியோடு வாசலில் உட்கார்ந்திருந்தால், தெருவில் போகிறவர்கள், "இன்னா, பிரேக்கா?" என்று கேட்பார்கள். உடம்பு சரியில்லையா என்று கேட்க மாட்டார்கள். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டதற்கு அடுத்த கேள்வியாக, வேலையில் பிரேக் உண்டா என்று கேட்பார்கள். முதல் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால்கூட யோசிப்பார்கள். இரண்டாவதற்கு ஆமாம் என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

விஷயம் இதுதான். ஒருவன் இரண்டு வருஷத்துக்குள் நானூற்று எண்பது நாள் தொடர்ந்து வேலை பார்த்தால் அவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிற இடத்தில் அதைத் தாண்டுகிற வழியும் இருக்கும். சில மாதங்களுக்கு ஒரு தடவை, சொந்தக் காரணங்களால் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று ஆளிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஒரு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். எட்டாம் நாள் புது நம்பர் கொடுத்துப் புது ஆளாக எடுத்துக்கொள்வார்கள். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். பதினோரு வருஷம் ஒரே உலை அடுப்புக்கு முன்னால் நின்றவனும் காகிதத்தில் போன மாதம் சேர்ந்த புது ஆள். அதற்குப் பெயர் பிரேக்.

அந்தக் கடிதங்களை எழுதியவன் நான்.

இரும்புக் கம்பி உருட்டுகிற ஓர் ஆலையில் ஆள் விடுகிற காண்ட்ராக்டரிடம் டைம் ஆபீஸ் வேலை எனக்கு. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பதிவேட்டில் குறிப்பது, கேட்டில் கார்டு கொடுப்பது, வாங்குவது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கிற மெஷின் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. எல்லாம் என் கையெழுத்துதான். என் கையெழுத்து அழகாக இருக்கும். என் அப்பா பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்து, கைநாட்டு வைத்தே காலம் தள்ளியவர். அதனால் எனக்கு அதில் கொஞ்சம் அதிகமாகவே திமிர் உண்டு.

கடிதத்தில் காரணம் எழுத வேண்டும். எல்லாருக்கும் ஒரே காரணம் எழுதினால் சந்தேகம் வரும் என்று காண்ட்ராக்டர் சொன்னார். நான் விதவிதமாக எழுதினேன். ஒருவனுக்கு வீட்டுக்கு ஓடு மாற்றுகிற வேலை, ஒருவனுக்கு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ஒருவனுக்கு வேளாங்கண்ணிக்குப் பாத யாத்திரை. அவன் இந்துவா கிறிஸ்தவனா என்றுகூடப் பார்க்க மாட்டேன். கற்பனை ஊறும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கடிதங்களை எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த ஆலையில் அடுப்புப் பக்கம் வேலை பார்த்தவர்களில் ஒருவர் என் மாமா, அதாவது என் அக்காவின் கணவர். ஆந்திரா எல்லையில் ஒரு கிராமத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். பேசினால் யாரையும் புண்படுத்தாத மாதிரி பேசுவார். எங்கள் அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, அக்காவுக்கு நான், எனக்கு அக்கா என்று ஆகிவிட்டது. நாங்கள் இருந்த லைன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கும் என் குடும்பத்துக்கும் அங்கேதான்.

மாமாவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. பர்மனெண்ட் ஆக வேண்டும். காசுக்காக என்று நான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் அவரே சொன்னார்.

"ஒவ்வொரு தபாவும் அந்த ஆள் எதிர்ல போயி கைய கட்டிக்கினு நின்னு, சார் மறுபடியும் சேத்துக்குங்கன்னு கேக்கணும் பாரு மச்சான். அதான் பேஜாரா கீது. பதினோரு வருஷமா கேட்டுக்கினு கீறேன். ஒருவாட்டி கேக்காம உள்ள போவணும்."

அக்காவுக்கும் அதே ஆசைதான். பர்மனெண்ட் ஆட்களுக்குக் கொடுக்கிற நீல நிறச் சட்டையை மாமா போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டுச் செத்தால் போதும் என்பாள். சட்டைக்காகவெல்லாம் சாகாதே என்று நான் கிண்டல் செய்வேன்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை மாமாவுக்கு பிரேக் வந்தபோது ஆலையில் ஆள் பற்றாக்குறை. ஒரிசாக்காரர் ஒருவர் ஊருக்குப் போயிருந்தார். அவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படவில்லை, கார்டும் என் மேசையிலேயே இருந்தது. எனக்கு யோசனை உதித்தது. காண்ட்ராக்டரிடம் சொன்னேன், அவருக்கு ரொம்பச் சந்தோஷம். மாமாவிடம் போய், வீட்டில் சும்மா ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவர் கார்டில் உள்ளே வந்துவிடுங்கள், பிரேக்குக்கு பிரேக்கும் ஆச்சு, வேலைக்கு வேலையும் ஆச்சு என்றேன். பெரிய உபகாரம் செய்கிறவன் மாதிரி சொன்னேன்.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மாமா மட்டுமல்ல, பிரேக்கில் இருக்கிற எல்லாருமே ஊருக்குப் போனவர்களின் பெயரில் உள்ளே போனார்கள். பிரேக் என்பது வீட்டில் இருப்பது என்ற அர்த்தமும் போய், இன்னொருவன் பெயரில் வேலைக்குப் போவது என்று ஆகிவிட்டது. காலையில் கேட்டில் ஒரே சிரிப்பாக இருக்கும். "இன்னாண்ணா, இன்னிக்கி ஒரிசாவா பீகாரா?" என்று மாமாவைக் கேட்பார்கள். சூப்பர்வைசர் வேண்டுமென்றே இந்தியில் கூப்பிடுவார். மாமாவும் "ஹாஞ்ஜி" என்று பதில் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொள்வார். நான் பதிவேட்டில் மாமா பெயருக்கு நேரே கோடு போட்டுவிட்டு, ஒரிசாக்காரர் பெயருக்கு நேரே வந்தார் என்று அழகாகக் குறிப்பேன். எனக்கும் அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு வருஷம் எட்டுப் பேர் சேர்ந்து தங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று திருவள்ளூரில் இருக்கிற அரசாங்க ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து மாமாவுடையது. யாரையும் எதிர்த்துப் பேசாத மனிதர் எப்படி முதல் கையெழுத்துப் போட்டார் என்று எனக்கு ஆச்சரியம். அவர்களுக்கு உதவி செய்த வக்கீல் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தார். நின்றுகொள்கிறேன் என்று கடிதம் கொடுத்த ஆள் அதே வாரத்தில் உள்ளே வேலை பார்த்திருந்தால் அந்தக் கடிதமே பொய் என்று ஆகிவிடும். பிரேக்கெல்லாம் செல்லாமல் போய்விடும். அந்த நாட்களில் இவர்கள் உள்ளேதான் இருந்தார்கள் என்று சொல்ல ஆலைக்குள்ளிருந்து ஒரே ஒரு சாட்சி வேண்டும்.

"எம் மச்சானே டைம் ஆபீஸ்ல கீறான் சார்" என்று மாமா சொல்லியிருக்கிறார். எட்டுப் பேருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால்கூட உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார்.

"உனுக்கு எதுனா பிரச்சனை வரும்னா வேணாம் மச்சான். உண்மைய சொன்னா போதும்னு வக்கீல் சொல்றாரு."

"பாத்துக்கலாம் மாமா" என்றேன். சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அக்கா என் மனைவியிடம், இந்த வருஷம் எப்படியும் ஆகிவிடும் என்று சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வாரம் காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இந்தக் கையெழுத்து யாருது?"

"என்னுது சார்."

"வராதவன வந்தான்னு எழுதுனா அதுக்குப் பேரு இன்னா தெரியுமா? நான் எழுதல. கம்பெனி எழுதல. நாளைக்கி போலீஸ்ல கேட்டா, அவன் மாமனுக்கு வேல குடுக்கறதுக்காக அவனே பண்ணிக்கினான்னு சொல்லுவேன். டீய குடி, ஆறிடப் போவுது."

குடித்தேன். அப்போது என் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்லும்போதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கோழைகள் எல்லாரும் தங்கள் பிள்ளையைத்தான் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மகள் படிக்காமல் இருந்திருந்தாலும் நான் வேறு ஏதாவது காரணத்தைக் கண்டுபிடித்திருப்பேன். காரணம் எழுதுவதில்தான் எனக்கு நல்ல பழக்கமாயிற்றே.

விசாரணை நாளன்று கம்பெனித் தரப்பில் என்னைப் பதிவேட்டோடு அனுப்பினார்கள். பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தேன். மாமாவும் மற்ற ஏழு பேரும் எனக்கு முன்னால் வந்து வராண்டாவில் நின்றிருந்தார்கள். எல்லாரும் துவைத்த சட்டை போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஒருவர் ஓடிப்போய் எனக்கு மோர் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஆபீசர் ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். அலட்சியமாகப் பேசுகிறவர் இல்லை. மாமாவின் கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். தங்கையின் திருமணத்தை முன்னிட்டு என்று ஒன்று. அதற்கு அடுத்த வருஷம் மறுபடியும் தங்கையின் திருமணத்தை முன்னிட்டு. மூன்றாவதிலும் அதுவே. நிறையப் பேருக்கு எழுதுகிற அவசரத்தில் மாமாவுக்கு எதை எழுதினோம் என்று நான் பார்த்திருக்கவில்லை.

"உங்களுக்கு எத்தனை தங்கச்சி?" என்று ஆபீசர் கேட்டார்.

"யாருமில்லீங்கம்மா. நான் ஒண்டியாளு."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தக் கடிதம் எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கு. ரெஜிஸ்டரும் அதே கையெழுத்து. நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம் மேடம்."

"அந்த வாரங்கள்லயும் வேலைக்கு வந்ததா இவர் சொல்றார். வேற ஆள் பேர்ல வந்தாராம். கார்டு குடுத்தது நீங்கதானாம். பயப்படாம சொல்லுங்க. வந்தாரா?"

அந்த அம்மாள் எனக்கு வழி விட்டார். இத்தனை வருஷம் கழித்து நினைத்துப் பார்க்கும்போது அது தெளிவாகத் தெரிகிறது. ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் என்னைக் காப்பாற்றவும் ஏதாவது செய்திருப்பார், அவருடைய முகம் அப்படித்தான் இருந்தது. மாமா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, நான் சொல்லப்போவதைக் காதால் மட்டும் கேட்கத் தயாராக நின்றிருந்தார். என்னைத் தர்மசங்கடப்படுத்தக் கூடாதென்று அப்படி நின்றாரோ என்னவோ.

"ரெஜிஸ்டர்ல இன்னா இருக்கோ அதுதான் மேடம்" என்றேன்.

"ரெஜிஸ்டர நான் படிச்சிட்டேன். உங்களத்தான் கேக்கறேன்."

"ரெஜிஸ்டர்ல இருக்கறதுதான் மேடம்."

அவ்வளவுதான் என் சாட்சி. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். எட்டுப் பேரில் ஒருவர் என்னைப் பார்த்துக் காறித் துப்பப் போனவர், ஆபீஸ் என்பதால் விழுங்கிக்கொண்டார். எனக்கு மோர் வாங்கிக் கொடுத்தவர்தான்.

திரும்பும்போது எல்லாரும் ஒரே பஸ்ஸில்தான் வர வேண்டியிருந்தது. நான் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். மாமா நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஒரு தடவை திரும்பி, வந்து உட்கார் என்று தலையை அசைத்தார். நான் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா அன்று வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். எப்படியும் நல்ல செய்தி வரும் என்று எங்கள் வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்திருந்தாள். நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் என்னைக் கூப்பிட மாமாவே வந்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்ததும் என்ன ஆயிற்று என்று அக்கா கேட்டாள். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார்.

"அந்த ஆபீசரம்மா ஒத்துக்கல. உன் தம்பி எவ்ளோ சொல்லிப் பாத்தான். கேக்கல."

அக்கா அந்தப் பெண்மணியைத் திட்ட ஆரம்பித்தாள். கட்டையில் போகிறவள், ஏழையின் வயிற்றில் அடிக்கிறவள், அவள் குடும்பம் விளங்குமா என்று அழுதுகொண்டே திட்டினாள். எனக்கு வழிவிட்ட அந்த மனுஷியை என் அக்கா சபிப்பதைக் கேட்டுக்கொண்டே நான் சாப்பிட்டேன். பெரிய துண்டை என் தட்டில் வைத்துவிட்டு, "நீ இருக்கக்கண்டி அவ்ளோ தூரமாச்சும் போச்சி. நீ இல்லன்னா இவுருக்கு யாரு கீறாங்க" என்றாள். மாமா தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போனார்.

மனு தள்ளுபடியாயிற்று. அடுத்த பிரேக் வந்தபோது எட்டுப் பேரையும் எட்டாம் நாள் திரும்ப எடுக்கவில்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. பெயர்கள் மற்ற காண்ட்ராக்டர்களுக்கும் போய்விட்டன. மாமா இப்போது மீஞ்சூர் பக்கம் அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றுகிற லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறார். லாரி வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அங்கே பிரேக்கெல்லாம் கிடையாது, வேலையில் சேர்த்துக்கொண்டால்தானே பிரேக் போடுவதற்கு. காய்ந்த சாம்பல் புருவத்தில் படிந்து, அறுபது வயதுக்கு முன்பே கிழவராகிவிட்டார். காலையில் மட்டும் நிறைய இருமுகிறார். நான் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் வந்த பிறகு எழுதுகிற வேலை குறைந்துவிட்டது. கடிதங்கள் மட்டும் இன்னும் என் கையெழுத்தில் போகின்றன. தங்கை கல்யாணம் என்று இப்போது யாருக்கும் எழுதுவதில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியாமல் போன மாதம் ஒரு நாள் மீஞ்சூருக்கே போய்விட்டேன். மாமா ஒரு லாரியின் மேல் நின்று தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று பதறிப்போய் இறங்கி வந்தார்.

"அக்கா கிட்ட சொல்லிடப் போறேன் மாமா" என்றேன்.

"இன்னான்னு?"

"நான்தான் கெடுத்தேன்னு. ஆபீசரம்மா மேல தப்பில்லன்னு."

அவர் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சாம்பல் இன்னும் பரவியது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போயிருந்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லாத மச்சான். அவுளுக்குப் பொறந்த ஊடுன்னு நீ ஒருத்தன்தான் கீற. அதையும் புடுங்கினு நான் அவுளுக்கு இன்னாத்த குடுக்கப் போறேன், சொல்லு."

அடுத்த லாரி வந்து நின்றது. அவர் ஏறிப் போய்விட்டார். நான் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அக்கா வாசலில் நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் வந்துவிடு, உனக்குப் பிடித்த நண்டு சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள்.